கஸாமாவின் காரில் வந்த சத்தம்

கஸாமா எனக்குத் தர வேண்டியிருந்தது ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் யென். எழுத்தில் எதுவும் இல்லை. எனக்கு எழுத்து வந்ததே நாற்பது வயதுக்கு மேல்தான்; பத்திரம் எழுதி வாங்குகிற பழக்கம் கடைசிவரை வரவில்லை. அக்டோபர் முடியும்போது வண்டிக் கொட்டகையில் வைத்துக் கேட்டான்.

"பனி டயர் போடணும்ணே. பழசு வழுக்குது. புது வருஷத்துக்குள்ள குடுத்துடறேன்."

குளிருக்கு அடுப்பு எரிக்கிற மண்ணெண்ணெய்க்கு ஒதுக்கியிருந்ததையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். அடுத்த வாரம் கார் வந்தது. டயர் புதுசுதான், பொய் சொல்லவில்லை. ஆனால் முன்பே தாழ்ந்து கிடந்த கார் இன்னும் நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. மீதிப் பணத்தில் ஸ்டைலுக்காக ஸ்பிரிங்கை மாற்றியிருந்தான்.

நாங்கள் சாலை வேலைக்காரர்கள். வெயில் காலத்தில் தார் போடுவோம், குளிர்காலத்தில் பனி தள்ளுவோம். மேஸ்திரி குவபாரா அந்தக் காரை ஒரு சுற்று சுற்றி வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஏண்டா, இதுக்கும் நம்ம வண்டிக்கும் என்ன வித்தியாசம்? முன்னாடி தகடு இருக்கு, பனியத் தள்ளுது. நகராட்சிக்கு பில்லு போடு, காசு தருவாங்க."

"தந்தா முதல்ல அண்ணனுக்குத்தான்" என்று என்னைக் கைகாட்டிச் சிரித்தான் கஸாமா. இருபத்தாறு வயது. அவன் சிரித்தால் எதிரில் இருப்பவனும் சிரித்துவிடுவான். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் பெரிய சாலைக்குக் கவலை இல்லை. நடுவில் குழாய் ஓடுகிறது, நிலத்தடி நீர் பீச்சிக்கொண்டே இருக்கும், பனி நிற்காது. அந்தத் தண்ணீரில் இருக்கும் இரும்பால் சாலையே துருப்பிடித்த மாதிரி சிவந்து கிடக்கும். அதில் தாழ்ந்த கார் கோடையில் போவது போலவே போகும். கிளைச் சாலையில் திரும்பினால்தான் கஷ்டம். சக்கரம் போன தடம் இரண்டும் பள்ளமாகி உறைந்துவிடும், நடுவில் கல் மாதிரி ஒரு வரப்பு நிற்கும். கார் அந்த வரப்பின்மேல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். பனி கொஞ்சம் கூடினால் வயிறு அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும், சக்கரங்கள் சும்மா சுற்றும். அதற்கு எங்கள் பேச்சில் ஆமையாகிவிட்டது என்போம். ஆமையானவன் எல்லோருக்கும் டின் காப்பி வாங்கித் தர வேண்டும் என்பது கொட்டகைச் சட்டம். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் காப்பிச் செலவு முழுவதும் கஸாமாவுடையதுதான்.

கார் தாழ்த்துகிற மற்றப் பையன்கள் பனிக்கு முன்னால் ஏற்றிவிடுவார்கள். இல்லையென்றால் அதை மூடிப் போட்டுவிட்டு ஏதாவது ஓட்டைக் காரில் குளிர்காலத்தைத் தள்ளுவார்கள். இவனுக்கு இரண்டு கார் வைக்க வசதி இல்லை. ஏற்றவும் மனசில்லை.

"ஒரு நாள் வேலைதானடா. ஏத்திட்டு ஏப்ரல்ல இறக்கிக்கோயேன்" என்று ஒருமுறை சொன்னேன்.

"ஏத்திட்டா அது வேற யாரோ காரு மாதிரி இருக்கும்ணே. காலைல வாசல்ல நிக்குறதப் பாத்தா எனக்கு வேலைக்கு வரவே தோணாது."

புது வருஷம் வந்தது, போனது. பணம் வரவில்லை. நான் அடுப்பைக் குறைத்து வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கோட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஜனவரி பாதியில் அவன் காரில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. முன்பெல்லாம் மெதுவாக முனகுகிற கார், இப்போது அடித்தொண்டையில் உறுமியது. கொட்டகைத் தகரம் அதிரும். கார் தாழ்த்துகிற பையன்கள் இந்தச் சத்தத்துக்காகப் புகைக்குழாயை மாற்ற எவ்வளவு செலவு செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்கும்போதெல்லாம் என் மண்ணெண்ணெய்க் காசை மனசுக்குள் எண்ணிக்கொண்டேன்.

பிப்ரவரியில் பனி விடாமல் கொட்டிய ஒரு நாள், முதல் சுற்று முடிந்து காலைச் சாப்பாட்டுக்குக் கொட்டகையில் கூடியிருந்தோம். கஸாமா வழக்கம்போல என் டப்பாவிலிருந்து ஒரு சோற்று உருண்டையை எடுத்தான்.

"புதுக் குழாய் எவ்வளவுடா?" என்றேன்.

"எந்தக் குழாய்?"

"ஊரே அதிருதே, அந்தக் குழாய்."

"அதுவா? நான் ஒண்ணும் வாங்கலண்ணே. சத்தம் தானா வந்துச்சு. நல்லாருக்குல்ல?"

"தானா வருமாடா? தூங்க இந்த இடம், திங்க என் சோறு, குழாய்க்குப் பணம். எனக்கு மட்டும் நாளைக்கா?"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குவபாரா, "விடுப்பா, சாப்பிடுற நேரத்துல" என்றார். கஸாமா கையிலிருந்த உருண்டையைப் பார்த்தான். கடித்த பக்கத்தைத் திருப்பி மூடியில் வைத்துவிட்டு எழுந்தான்.

வழக்கமாக அவன் வேலை முடிந்ததும் கொட்டகையின் மூலைப் பாயில் படுத்துத் தூங்குவான். அவன் வீடு இருக்கிற மேட்டுச் சாலையில் இரண்டாவது சுற்றில்தான் வண்டி போகும். அது போன பிறகே கிளம்புவான். அன்றைக்குப் படுக்கவில்லை. மதியம் தன் வண்டியை நிறுத்திய கையோடு கிளம்பிவிட்டான். உறுமல் பெரிய சாலைவரை கேட்டது, பிறகு பனி அதை விழுங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் குவபாராவின் போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"ஆமைண்ணே" என்றது கஸாமாவின் குரல்.

கொட்டகையே சிரித்தது. "காப்பி எத்தனைடா?" என்று யாரோ கத்தினார்கள்.

"ஆறு. அண்ணனுக்கு மட்டும் ரெண்டு. கோவமா இருக்காரு."

"புகைக்குழாய் வாயத் தோண்டிவிட்டியா?" என்று கேட்டார் குவபாரா. பனியில் சிக்கியவனிடம் எங்கள் ஊரில் முதலில் கேட்பது அதைத்தான்; வாய் அடைத்தால் விஷப்புகை காருக்குள்ளேயே திரும்பிவிடும்.

"அது தெரியாதா எனக்கு? நல்லாத் தோண்டிவிட்டேன். ஹீட்டர் போட்டுட்டு உக்காந்திருக்கேன்."

"சரி, பள்ளிக்கூட ரோட்ட முடிச்சுட்டு வந்து இழுக்குறோம். தூங்கு."

குவபாரா என் பக்கம் போனை நீட்டினார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டேன்.

பள்ளிக்கூடச் சாலை சீக்கிரம் முடியவில்லை. தள்ளத் தள்ளப் பின்னாலேயே விழுந்தது. நானும் குவபாராவும் மேட்டுச் சாலைக்குப் போனபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கார் இரண்டு பக்கப் பனிச்சுவருக்கும் நடுவில் கூரை மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கம் அவன் சொன்னபடிதான் இருந்தது: குழாய் வாயைச் சுற்றி ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் குழி, பக்கத்தில் குத்தி வைத்த மண்வெட்டி. விழுந்த பனியை நடுவில் ஒருமுறை இறங்கி மறுபடியும் வாரியிருந்தான்.

கதவுப் பக்கப் பனியை வாரிவிட்டுக் கண்ணாடியைத் தட்டினேன். இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தான். கன்னம் குழந்தைக்குப் போலச் சிவந்திருந்தது. கதவை இழுத்துத் திறந்து, "டேய், எழுந்திருடா" என்று தோளைப் பிடித்தேன். தலை என் கைமேல் விழுந்தது.

குவபாரா அவனைச் சாலையில் கிடத்தி நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தார். அதற்குள் மறுபடியும் விழுந்திருந்த பனியில் ஆம்புலன்ஸ் ஏற முடியாமல் கீழேயே நின்றுவிட்டது. நான்தான் வண்டியில் இறங்கிப் போய் அதன் முன்னால் பனியைத் தள்ளி வழி செய்தேன்.

மறுநாள் போலீஸ்காரர்கள் முன்னிலையில் எங்கள் வண்டியால் காரைத் தூக்கினோம். வயிறு வரப்புகளில் தேய்ந்து வெள்ளிபோல மின்னியது. புகைக்குழாய் பழையதுதான், கார் வாங்கும்போது வந்ததேதான். ஓட்டுபவன் இருக்கைக்கு நேர் கீழே தேய்ந்து தேய்ந்து பிளந்திருந்தது. அதற்கு மேலே தரைத்தகடு துருவில் ஓட்டை விட்டிருந்தது. சுற்றிலும் பனி அடைத்துக்கொண்டதால் புகைக்குக் காருக்குள் ஏறுவதைத் தவிர வேறு வழி இல்லை. வாயைத் தோண்டிய குழாயில் வாய்வரை புகை வந்தே சேரவில்லை.

"சத்தம் மாறியிருக்குமே, யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார் போலீஸ்காரர். குவபாரா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

துக்க வீட்டுக்குப் பணம் வைத்த உறை கொண்டுபோக வேண்டும், அது எங்கள் வழக்கம். அதில் புது நோட்டு வைக்கக் கூடாது. சாவை எதிர்பார்த்துத் தயாராக எடுத்து வைத்திருந்த மாதிரி ஆகிவிடும். பணம் எடுக்கிற இயந்திரம் எனக்குச் சலவை நோட்டாகக் கொடுத்தது. கொட்டகையில் உட்கார்ந்து அந்தப் பத்தாயிரத்தை நாலாக மடித்தேன், கசக்கினேன், திரும்பப் பிரித்தேன். கை கழுவாமல் செய்திருக்கிறேன். ஓரத்தில் என் கட்டைவிரல் கிரீஸோடு அப்படியே பதிந்துவிட்டது. வேறு நோட்டு இல்லை. அதையே வைத்து, உறைமேல் என் பெயரை எழுதி, கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவன் அம்மா ஃபுமியே அரிசி முறுக்கு ஆலையில் வேலை பார்க்கிறவர். ஏப்ரலில், கல்லறைமேல் பனி கரைந்து கல் தெரிய ஆரம்பித்த பிறகு, பேருந்தில் கொட்டகைக்கு வந்தார்.

"நாளைக்கு அவன் எலும்பக் கல்லறைக்குள்ள வைக்கிறோம். அதுக்கு முன்னாடி உங்க கணக்க முடிக்கணும். ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம்னு சொல்லியிருந்தான்."

"வேண்டாம்மா. நான் அத எப்பவோ விட்டுட்டேன்."

"நீங்க விட்டுருவீங்க. கடனோட அவன உள்ள வைக்க எனக்குத்தான் முடியாது. எண்ணிப் பாருங்க."

பணத்தை மேசையில் வைத்தார். துக்கத்துக்கு வந்த பணம் என்று பார்த்ததுமே தெரிந்தது. எல்லாம் கசங்கிய நோட்டு, ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆள் மடித்த மடிப்பு. அவர் நின்றுகொண்டே இருந்ததால் எண்ணினேன். நடுவில் நாலாக மடித்த ஒரு நோட்டு வந்தது. ஓரத்தில் கறுப்பாக என் கட்டைவிரல். அதன்மேல் விரல் வைத்துத்தான் அடுத்ததைத் தள்ள வேண்டியிருந்தது.

"எதுக்குன்னு வாங்கினான்?" என்று கேட்டார்.

"பனி டயருக்கு."

"டயர் நல்ல டயர்னு போலீஸ்காரர் கூடச் சொன்னாரு." கொஞ்ச நேரம் மூலையில் கிடந்த பாயைப் பார்த்தார். "சரியா இருக்கா?"

"சரியா இருக்கும்மா" என்றேன்.