பெருக்காத வாசலில் நின்ற புயல்

எல்லோரும் சுகம்தானே? கூரையெல்லாம் ஒழுகாமல் இருக்கிறதா? எழுபதுகளின் நடுவில் ஓர் ஐப்பசியில், மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தில், சந்திரம்மா வாசல் பெருக்காததால் ஒரு புயல் நகர முடியாமல் நின்றது.

புருஷன் கடலில் இருக்கும்போது பெண்டாட்டி வாசல் பெருக்கக் கூடாது என்பது அந்தக் குப்பத்து வழக்கம். பெருக்கினால் ஆளையும் சேர்த்துத் தள்ளியதாகிவிடும். அன்று காலை வரை வாடைக்காற்று ஓலைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. திடீரென்று ஓய்ந்து வெயில் அடித்தது. புயல் போய்விட்டது என்று நம்பி, அவள் புருஷன் செல்வராஜ் விட்டுவந்த வலையைத் தேடிக் கட்டுமரத்தில் போனான். போனது புயலின் முன்பாதிதான். சந்திரம்மா துடைப்பத்தைக் கூரையில் செருகினாள். காற்றே இல்லாத புயலின் நடுவட்டம் குப்பத்தின் மேலும் எதிர்க் கடலின் மேலும் அப்படியே தங்கிவிட்டது. மறுநாளும் கோழிகள் வெயிலில் மேய்ந்தன. சவுக்குத் தோப்புக்கு அப்பால் கறுத்த மேகம் சுவர்போலச் சுழன்றது. கோவளத்திலும் படாளத்திலும் மழை விடவில்லை.

கல்பாக்கத்தில் காற்றளக்கும் வேலையில் இருந்த ராமானுஜம் காற்றழுத்தக் கருவியோடு ஜீப்பில் வந்தார். பாதரசம் இவ்வளவு கீழே இறங்கி அவர் பார்த்ததில்லை. நடுவே காற்று லேசாகிவிட்டது, சுற்றியுள்ள கனத்த காற்று அங்கே பாயப் பார்க்கிறது, பூமி சுழல்வதால் நேராக வர முடியாமல் சுற்றிச் சுற்றி வருகிறது என்றார். கடலின் வெதுவெதுப்பான ஈரம்தான் அதற்குச் சாப்பாடு. தரைக்குள் போனால் பட்டினியில் செத்துவிடும், இங்கேயே நின்றால் தின்றுகொண்டே இருக்கும். அது நிற்கும் காரணத்தைக் குப்பத்தார் சொன்னார்கள். அவர் தலையாட்டி, அப்படியானால் பெருக்கச் சொல்லுங்கள் என்றார். பெருக்கினால் பின்பாதி தென்காற்றாகத் திரும்பி அடிக்கும், அது இன்னும் மோசம் என்பதையும் மறைக்கவில்லை.

அப்போது, மகள் ரத்னாவைக் கட்டிக்கொடுத்த படாளத்திலிருந்து மருமகன் மாரி சொட்டச் சொட்ட வந்து நின்றான்.

"அத்த, ஏரி ரொம்பி வழியுது. ரத்னா கைப்புள்ளையோட பரண் மேல குந்திகினு கீறா."

"உன் மாமனாரு தண்ணி மேல கீறாரு."

"அவுரு ஒர்த்தரு. அங்க ஊரே கீது. நீ தொடப்பத்த எடுக்கிறியா, நான் எடுக்கட்டா?"

"நீ எடுத்தா குப்பதான் போவும். புயலு போவாது."

ஆனால் அவள் கை கூரையைத் தடவியது. பெருக்கினாள். வாசற்படியிலிருந்து தென்கிழக்கு மூலை வரை, ஒரு கட்டுமரம் போகிற அகலத்துக்கு மட்டும் செதிலும் மணலுமாக அப்படியே விட்டாள்.

"யக்கா, அண்ணாத்த போனது வடக்கால" என்றான் பக்கத்து வீட்டு மூர்த்தி.

"வாடை அட்ச்ச கடல்ல வலை வுட்ட எடத்துலயா கெடக்கும்? தெக்கால போயிருக்கும். அது பின்னால அவுரும்."

சொல்லிக்கொண்டே மீதியையும் பெருக்கினாள். கடைசிக் குப்பையைத் தள்ளியதும் தென்காற்று கிளம்பி, முன்பாதி விட்டுவைத்த கூரைகளை அள்ளியது. புயல் நகர்ந்து, படாளத்தைத் தாண்டி, அந்தி சாய்வதற்குள் பட்டினியில் செத்தது. ஏரிக்கரை உடையவில்லை, ரத்னா பரணிலிருந்து இறங்கினாள். இங்கே கடலில் அலை தென்னை உயரம். அதன் நடுவே தென்கிழக்கில் ஒரு பட்டை மட்டும் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. வெகுநேரம் அதில் யாரும் வரவில்லை. சந்திரம்மா படியை விட்டு நகரவில்லை. வெளிச்சம் மங்கும் நேரத்தில், வலையில்லாமல், துடுப்பை மெதுவாகப் போட்டுக்கொண்டு செல்வராஜ் வந்தான். வந்தவன் வாசலைப் பார்த்தான்.

"நான் வர்றதுக்குள்ள இன்னாத்துக்குப் பெருக்கின?"

அவள் வெந்நீர் வைத்தாள்.

வாசலில் அவள் பெருக்காமல் விட்ட அந்தப் பட்டையில் இன்றும் காற்று இல்லை. கோடையில் யாரும் அங்கே பாய் விரிப்பதில்லை. அடுப்பு பற்றவைக்க மட்டும் நல்ல இடம். உங்கள் ஊரிலும் காற்று வராத மூலை ஏதாவது இருந்தால், யார் எதற்காக விட்டுவைத்தது என்று விசாரித்து ஒரு வரி எழுதுங்கள்.