லூடெக் வார்கா மேல் பெய்த பனி

ஆகஸ்ட் மாதத்து வெயிலில், பயிற்சித் திடலின் நடுவே, கார்வில் மாலுமிகள் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் லூடெக் வார்கா மேல் மட்டும் பனி பெய்யத் தொடங்கியது. அந்த ஏரிக்கரை ஆலை நகரத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. அவருக்கு முன்னால் இருந்த நான்கு பயிற்சியாளர்களுக்கும் வேலை போவதற்கு முன்பு இப்படித்தான் பெய்தது. பனி விழுந்த வாரமே வீட்டை விற்பனைக்குப் போட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்கள். வார்கா தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, காப்பிக் கோப்பையை உள்ளங்கையால் மூடியபடி பயிற்சியைத் தொடர்ந்தார். இந்தத் தொழிலுக்காக ஏழு ஊர் மாறியவர். எட்டாவதாக ஓர் ஊருக்குப் பெட்டி கட்ட மாட்டேன் என்று மனைவி சொல்லியிருந்தாள். அவருக்கும் கட்ட மனமில்லை.

அணி தோற்றது, மறுபடியும் தோற்றது. செப்டம்பர் முடிவதற்குள் இசாயா புரூம் மேலும் பனி இறங்கியது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் அவன். வயது முப்பத்து நான்கு, முழங்காலை இரண்டு முறை கிழித்துத் தைத்திருந்தார்கள். அடுத்து, அவர்கள் இருவரையும் வேலைக்கு எடுத்த பொது மேலாளர் ரோசலி டன் மேலும் அவள் மேசை மேலும் பெய்தது. கூரையைச் சோதிக்க வந்த ஆட்கள், ஓட்டை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு பூட்ஸைத் தட்டிக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. "டேய் இசாயா! பனிமனுஷனுக்கு மூக்கு வேணாமா? இந்தா பிடி!" என்று ஒருவன் கேரட்டை வீசினான். இசாயா அதைப் பிடித்துக் கடித்துத் தின்றான். அன்று அவன் கைக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது அது ஒன்றுதான் என்று மறுநாள் பத்திரிகை எழுதியது.

அக்டோபரில் அணியின் முதலாளி கிராண்ட் பெல் வார்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"யாராவது ஒருத்தர் போயாகணும் லூடெக். இந்த ஞாயித்துக்கிழமை இசாயாவ உக்கார வெச்சுட்டு புது ஆள இறக்கு. தோத்ததெல்லாம் அவனாலதான்னு சொல்லிடலாம். நீ நிம்மதியா இரு."

அவர் சொல்லி முடித்ததும் வார்கா மேல் பெய்த பனி நின்றது. தோள்கள் காய்ந்தன, காது மடலில் சூடு திரும்பியது. எத்தனை இதமாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது. மனைவியை நினைத்தார். பிறகு எழுந்து, "பந்து அவன் கையிலதான் இருக்கும்," என்றார். பனி முன்பைவிடக் கனமாக இறங்கியது.

"அப்ப சீசன் முடிஞ்சதும் மூணு பேரும் சேந்தே கிளம்புங்க," என்றார் பெல்.

வண்டி நிறுத்துமிடத்தில் இசாயாவும் ரோசலியும் நின்றிருந்தார்கள். வார்கா அருகே வந்ததும் மூன்று பனியும் கலந்து ஒன்றாகப் பெய்தது.

"உங்களையும் கூப்பிட்டாரா?" என்றார் வார்கா.

"உங்க ரெண்டு பேரையும் நான் அனுப்பிட்டா என் நாற்காலிக்கு ஒண்ணும் ஆகாதாம்," என்றாள் ரோசலி. "அந்த நாற்காலியே நனைஞ்சு ஊறிப் போச்சு, நீங்களே வெச்சுக்கங்கன்னு சொல்லிட்டேன்."

"உங்க ஆட்டத் திட்டம்தான் மோசம்னு டிவியில சொல்லச் சொன்னாரு, கோச்," என்றான் இசாயா. "அது ஊருக்கே தெரியுமே, நான் வேற சொல்லணுமான்னு கேட்டேன்."

வார்கா முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அவன் சொன்னது உண்மை. பனி விழுந்த நாளிலிருந்து அவர் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் ஆட வைத்திருந்தார்; தோற்றாலும் திட்டு குறைவாக விழும்படியான ஆட்டம். காப்பாற்ற இனி வேலை இல்லை என்றதும், எறியப் பயந்த பந்துகளையெல்லாம் எறியச் சொன்னார். அந்த ஞாயிறு ஜெயித்தார்கள். அதற்கடுத்ததும். நவம்பரில் ரசிகர்கள் மண்வாரிகளோடு வந்து, மூவருக்கும் வழி ஒதுக்கிக் கொடுத்துவிட்டு இருக்கையில் போய் உட்கார்ந்தார்கள்.

ஜனவரியில் இறுதி ஆட்டம் கார்வில்லிலேயே நடந்தது. தெற்கிலிருந்து வந்த எதிரணி, ஒரே ஆளுக்குப் பெய்யும் பனி நியாயமில்லை என்று முறையிட்டது. நடுவர்கள் விதிகளைப் புரட்டிப் பார்த்து, தடை ஏதுமில்லை என்று அறிவித்தார்கள். கடைசி விநாடிகளில் மாலுமிகள் மூன்று புள்ளி பின்தங்கியிருந்தார்கள். பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் சமன்; எறிந்து எல்லைக்கோட்டுக்கு அப்பால் பிடித்தால் வெற்றி, தவறினால் எல்லாம் போயிற்று.

"உதைச்சிடலாமா?" என்றார் வார்கா.

"எறிஞ்சா என்ன, வேலையா போயிடப் போகுது?" என்றான் இசாயா.

"போன வேலைதானடா. எறி!"

எதிரணியின் மூன்று பேர் அவன் பனிக்குள் பாய்ந்து, ஆள் தெரியாமல் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து உருண்டார்கள். வெள்ளைக்குள்ளிருந்து பந்து மட்டும் வெளியே வந்தது. அது போய் இறங்கிய இடத்தில் மாலுமிகளின் கைகள் இருந்தன. அரங்கம் எழுப்பிய சத்தத்தில் ஏரியின் பனிக்கட்டி கரையிலிருந்து கரைவரை விரிசல் விட்டது. ரோசலி மாடியிலிருந்து ஓடி வந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே பெல் மூன்று புதிய ஒப்பந்தங்களோடு ஓடி வந்தார். பனியில் மை கரைந்து ஓடியதால், காகிதங்களுக்கு மேல் கூடாரம் போட்டுக் கையெழுத்து வாங்கவேண்டியிருந்தது. பெல் அண்ணாந்து பார்த்தபடி பனி நிற்கக் காத்திருந்தார். அது நிற்கவில்லை.

இன்றும் நிற்கவில்லை. இசாயா விளையாட்டை முடித்துக்கொண்டு வார்காவுக்கு உதவிப் பயிற்சியாளராக இருக்கிறான். ரோசலியின் அறையில் தரைக்கு வடிகால் போட்டிருக்கிறார்கள். ஜூலை மாதத்தில் வார்கா வீட்டு முற்றத்துப் பனியில் தெருக்காரர்கள் பீர் புட்டிகளைப் புதைத்து வைப்பார்கள். அவர் மனைவி ஜன்னலைத் திறந்து, எடுக்கும்போது அவரவர் புட்டியைப் பார்த்து எடுக்கச் சொல்வாள்.