என் தொப்பியைத் தின்ற ஆடு

சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்குப் பெயர் ‘தீவு’. "தீவு வந்தாச்சா?", "தீவு, கொஞ்சம் நாற்காலியை நகர்த்துப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக நானும் அந்தப் பெயருக்குக் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்க்கிறேன். நான் ஐஸ் ஃபேக்டரி மெஷின்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்னால் எங்கோ ஓர் எரிமலைத் தீவுக்குப் பத்து நாள் போய், அங்கே மீனவர்களின் ஐஸ் மெஷினைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் கடற்கரையில் காலை நீட்டிக் கிடந்துவிட்டு வந்தவன். எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

நான் போகவே இல்லை.

கிளம்ப வேண்டிய அன்று முதலாளி மனசு மாறி, எனக்குப் பதிலாக சீனியர் மெக்கானிக்கை அனுப்பிவிட்டார். நான் பெட்டியோடு கம்பெனி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். காலையில்தான் தெருவே கூடி வழியனுப்பியிருந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்பிப் போவது? ஊரின் இன்னொரு கோடியில் சிநேகிதன் ஒருவன் அறை எடுத்துத் தங்கியிருந்தான். பத்து நாள் அங்கே ஒளிந்துகொண்டேன். கடற்கரைக்குப் போனவன் வெளுத்துப்போய் வந்தால் நம்புவார்களா? அதனால் பகலில் மொட்டைமாடியில் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தேன். ஒரு பக்கம் காய்ந்ததும் திரும்பிப் படுத்தேன். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. பிறகு அந்த வேலையை விட்டு வேறு கம்பெனிக்குப் போனேன். கதையையும் கூடவே கொண்டுபோனேன்.

மகளுக்குப் பதினாலு வயசு. இந்த விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்டோம். அவள் யோசிக்கவே இல்லை.

"அப்பாவோட தீவுக்கு."

"அங்க ஒண்ணுமே கிடையாதும்மா. ஒரே அமைதி. போரடிக்கும்."

"அதுதான் வேணும்."

எவ்வளவோ சாக்குப்போக்கு சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, திட்டம் போட உட்கார்ந்துவிட்டார்கள். மகள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டாள். என் சகலை நோட்டும் பேனாவுமாக இருந்தான். அவனும் குடும்பத்தோடு வருவதாக ஏற்பாடு.

"நீங்க இருக்கும்போது எங்களுக்கென்ன கவலை அண்ணே. சொல்லச் சொல்ல எழுதிக்கறேன். செருப்பு, ஷூ எல்லாம் எடுத்துக்கணுமா?"

"எதுக்கு? சும்மா சுமை. மணல் வெள்ளை வெளேர்னு, மெத்துனு இருக்கும். வெறுங்காலோட நடக்கறதுதான் சுகம்."

இந்த வாயை என்னதான் செய்வது! சகலை பயபக்தியோடு ‘செருப்பு வேண்டாம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டான். படகு எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்டான். சொன்னேன். விடுதியிலிருந்து கடலுக்கு எத்தனை நிமிஷம் என்றான். ஏழு என்றேன். ஐந்து என்றாலாவது பரவாயில்லை. அளந்து பார்த்தவன் போல ஏழு!

"அப்பா," என்றாள் மகள். "மணல் கருப்பா இருக்கே."

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். அந்தத் தீவின் கடற்கரை முழுக்கக் கரியைக் கொட்டி வைத்த மாதிரி கருப்பு.

"எரிமலைக் கல்லு பொடிஞ்சு வந்த மணலாம். மத்தியானத்துல வெறுங்கால் வெச்சா கொப்புளம் வந்துடுமாம். ஒருத்தர் எழுதியிருக்காரு."

சகலை பேனாவை மூடாமல் என்னைப் பார்த்தான். எரிமலைத் தீவில் மணல் என்ன நிறம் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் விசாரிக்கவில்லை. காலண்டரில் பார்த்த ஏதோ ஒரு கடற்கரையைத்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"அது தெற்குப் பக்கமா இருக்கும்," என்றாள் என் மனைவி. சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "அப்பா போனது வடக்குப் பக்கம். நீங்க கொஞ்சம் உள்ள வாங்க, இந்த டப்பா மூடி திறக்க மாட்டேங்குது."

உள்ளே போனேன். டப்பா எதுவும் இல்லை. அவள் குழாயைத் திறந்துவிட்டு, சத்தத்துக்கு நடுவே தணிந்த குரலில் பேசினாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நான் எங்க வேலை பார்த்தேன்?"

"மூக்குக்கண்ணாடிக் கடையில."

"மூணாவது மாடி. ஜன்னல் பக்கம் உட்கார்ந்துதான் லென்ஸ் தேய்ப்பேன். எதிர்த்தாப்ல ஒரு மொட்டைமாடி. ஒரு ஆளு பத்து நாள் எண்ணெய் பூசிக்கிட்டுப் புரண்டு புரண்டு படுத்தாரு. கடையே சிரிச்சுது. மறுவருஷம் தீவுக்குப் போய்ட்டு வந்த மாப்பிள்ளைன்னு அதே ஆளு எங்க வீட்டுக்கு வந்து நின்னாரு."

சிங்க்கைப் பிடித்துக்கொண்டேன். ஓடி ஒளியலாம் என்றால் அந்தச் சமையலறைக்கு ஒரே வாசல்.

"தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கிட்டே?"

"பாவமா இருந்துச்சு. கல்யாணத்துக்கப்புறம் சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். வர்றவங்க முன்னாடி எல்லாம் ‘தீவைப் பத்திச் சொல்லுங்க’ன்னு எதுக்குக் கேட்டுக்கிட்டே இருந்தேன்னு நினைச்சீங்க?"

"பெருமையாக்கும்னு..."

"பெருமை!" அவள் குழாயை மூடினாள். "ஒரு தடவையாவது உண்மை வெளிய வராதான்னுதான். மத்தவங்ககிட்ட சொன்னதைக்கூட விட்டுடுவேன். சின்னப் பிள்ளைகிட்ட அந்த ஆட்டுக்கதையைச் சொன்னீங்களே, அன்னிக்குத்தான் எனக்கு மனசு விட்டுப்போச்சு."

கடற்கரையில் என் தொப்பியைத் தின்ற ஆட்டின் கதை அது. மகள் தூங்குவதற்காக நானே இட்டுக்கட்டியது. அவள் தினமும் அதைக் கேட்டாள் என்பதால் நானும் வளர்த்துக்கொண்டே போனேன். ஆட்டுக்கு ஒரு கொம்பு உடைந்தது, மூன்று குட்டி பிறந்தது.

ஹாலில் சகலையின் குரல் கேட்டது. "செருப்பு வேண்டாம்னு எழுதினதை அடிச்சிடவா, வேண்டாமா?"

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். இனி ஒரு தெற்குப் பக்கம், வடக்குப் பக்கம் அவளிடமிருந்து வராது என்று புரிந்தது. ஹாலுக்கு வந்தேன். உட்காரவில்லை.

"அடிச்சிடு. எல்லாத்தையும் அடிச்சிடு. நான் அந்தத் தீவுக்குப் போனதே இல்ல."

சகலை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்து, எழுதியதை ஒவ்வொரு வரியாக அடிக்க ஆரம்பித்தான். அதற்கு அவன் சிரித்தே தொலைத்திருக்கலாம்.

மகள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு ரொம்ப நேரம் லேப்டாப்பில் அந்தக் கருப்பு மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஆறு வயசுக் குழந்தையின் குரலில் கேட்டாள்.

"அப்ப அந்த ஆடு?"

"ஆடும் இல்லம்மா," என்றேன்.