கண் மூடிய கூடம்

நர்ஸ் ரஞ்சனி என் வீட்டுக்காரரின் இரண்டு கண்களிலும் சொட்டு மருந்தை விட்டு, முக்கால் மணி நேரம் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனாள். செஞ்சியில், திண்டிவனம் ரோட்டில் புதிதாக வந்த கண் ஆஸ்பத்திரி அது. சர்க்கரையால் அவருக்குக் கண்ணுக்குள் நீர் கோத்திருந்தது. மாதம் ஒரு ஊசி, ஐந்து ஊசி என்றார்கள். அது இரண்டாவது. தொண்டூர், மேல்மலையனூர் பக்கத்து ஆட்கள் இருபது பேர் வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். கூட வந்தவர்கள் டீக்கடைக்குப் போயிருந்தார்கள். ஜன்னலோரம் கருப்பாக ஒரு பியானோ. டாக்டர் எங்கிருந்தோ வாங்கிப் போட்டு, 'யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்' என்று எழுதி ஒட்டியிருந்தார். முதல் மாதம் அதைச் சுற்றி வந்ததோடு சரி. இன்று என்னைப் பார்க்க ஒரு கண்ணும் இல்லை என்று தோன்றியதும் கால் தானாகப் போய்விட்டது.

கன்னியாஸ்திரிகளின் விடுதிப் பள்ளியில் மூன்று வருஷம் காலை ஜெபத்துக்கு நான்தான் பியானோ வாசிப்பேன். பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் நைனா, "அதெல்லாம் சொல்லிக்கினு இருக்காத. கிறிஸ்துவ வேதத்துல சேர்ந்துட்டாங்களான்னு கேப்பாங்க" என்றார். சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது இருபத்தாறு வருஷத்தில் மறைத்ததாக ஆகிவிட்டது.

விரல்கள் முதலில் கட்டையாக இருந்தன. பிறகு வலது கை வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது. மூன்று தரம் வாசித்தும் இடது கை மட்டும் அதே இடத்தில் தடுக்கியது. யாரும் கண் திறக்கவில்லை. கடைசி பெஞ்சில் ஒருவருடைய கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தேன்.

வீட்டுக்காரர் நெடுமாறன் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவர். மூன்றாவது ஊசி போட்ட அன்று தோசை தின்றுகொண்டே சொன்னார்:

"ஆஸ்பத்திரில இன்னிக்கும் அந்தப் பொண்ணு வாசிச்சா. நல்லாத்தான் இருக்குது. நடுவுல ஒரு எடத்துல லோடு தாங்காத மோட்டாரு மாதிரி தெணறுது, பாவம்."

கல்லில் இருந்த தோசை கருகியது. பயம்கூட இல்லை, அந்தத் திணறல் என்கிற சொல்தான் உறுத்தியது. அதற்கப்புறம் கிரைண்டர் மூடி, பஸ் சீட்டின் கம்பி என்று எங்கேயும் இடது கை சும்மா இருக்கவில்லை. நரம்பு டாக்டரிடம் காட்டலாமா என்று அவரே கேட்டார்.

அவர் கண் தெளிந்துகொண்டே வந்தது. காலண்டரின் பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார். நான் உள்ளுக்குள் மீதி எத்தனை ஊசி என்று எண்ணினேன். கட்டியவனுக்குக் கண் வருகிறதே என்று தவிக்கிற பெண்பிள்ளை உண்டா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கேட்டுவிட்டு மறுபடி எண்ணினேன்.

ஆறாம் மாதம் பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, நன்றாக ஆகிவிட்டது, இன்று சொட்டு மருந்துகூட வேண்டாம், இனி வருஷத்துக்கு ஒரு தரம் வந்தால் போதும் என்றார். கூடத்துக்கு வந்தோம். மற்றவர்கள் வழக்கம்போல் கண்ணை மூடியிருந்தார்கள். அவர் மட்டும் திறந்த கண்ணோடு பெஞ்சில் உட்கார்ந்து பியானோவையே பார்த்தார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

"இரு சுதா. அந்தப் பொண்ணு இன்னும் வரல. இத்தினி மாசம் காதால கேட்டாச்சு, ஒரு தபா மூஞ்சியப் பாத்துட்டுப் போலாம்."

நான் வாசித்ததையெல்லாம் பார்த்திருந்த ரஞ்சனி மருந்துக் குப்பியோடு நின்று என்னைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இதப் புடிங்க" என்று ஃபைலை அவர் மடியில் வைத்தேன். போய் உட்கார்ந்தேன். பின்னால் பார்க்கவில்லை. கையை வைத்தேன்.

இரண்டாவது வரி முடிவதற்குள், எதிரே பளபளத்த பியானோவின் கருப்புப் பலகையில் அவருடைய வெள்ளைச் சட்டை எழுந்து நின்றது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஜன்னல் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது.