ரொட்டிக்கடை வீட்டு அசதி

ரொட்டிக்கடைக்காரர் ஓடினால் அவர் மகளுக்கு மூச்சு வாங்கும். முதல் தடவை இது நடந்தபோது மகள் மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில், கனமான ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, சாரத்திலிருந்து விழுந்த ஒரு பெயின்டரிடம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பிடித்தார். விடச் சொல்ல வேண்டியவளுக்கு வாயில் வார்த்தை வரவில்லை. காதோரம் வேர்வை வழிந்தது, நெஞ்சு தடதடத்தது, கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகின. பெயின்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானாகவே மூச்சை விட்டார். அதே நேரத்தில் ஊருக்கு வெளியே, பனி இன்னும் கலையாத நீர்த்தேக்கச் சாலையில், அறுபதை நெருங்கிய அவள் அப்பா புதுச்சட்டை போட்டுக்கொண்டு விருந்துக்குப் போகிறவர்போல, சொட்டு வேர்வை இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்.

அவர் ஓடினார் என்பதையே தெருவில் யாரும் நம்பவில்லை. தெரு அவருக்கு வைத்திருந்த பெயர் கொட்டாவி. மாவு மூட்டையில் சாய்ந்தபடி தூங்குவார், சில்லறை கொடுக்க நீட்டிய கையோடு தூங்குவார். வாங்க வருகிறவர்களே ரொட்டியை எடுத்துக்கொண்டு பணத்தை அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் போவது வழக்கமாகியிருந்தது. அவர் மனைவியோ உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மாவு பிசைவது, அடுப்புக்குள் தட்டு தள்ளுவது, தரை கழுவுவது எல்லாம் அவள்தான், சாப்பிடுவதுகூட நின்றபடிதான். நடுநடுவே கையைத் துடைத்துக்கொண்டு வந்து கணவரை ஒரு பாட்டம் திட்டிவிட்டு மறுபடி அடுப்புப் பக்கம் போவாள். அந்தம்மா மட்டும் இல்லாவிட்டால் அந்தக் கடை என்றைக்கோ இழுத்து மூடப்பட்டிருக்கும் என்று தெரு பேசிக்கொண்டது. மகளும் அப்படித்தான் நினைத்து வளர்ந்தாள்.

ஒரு மழைக்காலத்தில் அம்மா பரணிலிருந்து தட்டுகளை இறக்கும்போது ஸ்டூல் சரிந்து இடுப்பெலும்பு முறிந்தது. மகளே படம் எடுத்தாள். மாதக்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அம்மா படுத்த மறுநாள் அப்பா இருட்டோடு எழுந்து உட்கார்ந்தார். கண் பளிச்சென்று இருந்தது. மாவு பிசைந்து, ரொட்டி சுட்டு, கடை கழுவி, மனைவிக்குத் தலைவாரிவிட்டு நிமிர்ந்தால் இன்னும் வெயிலே வரவில்லை. மிச்ச நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குப் புரியவில்லை. தெருமுனைவரை நடந்தார். நடை போதவில்லை. ஓடினார். சாலை தானாகவே காலடியில் சுருண்டு வந்தது. நீர்த்தேக்கத்தை எட்டியபோது, இத்தனை வருஷம் இந்தக் கால்களை எங்கே வைத்திருந்தோம் என்று ஆச்சரியப்பட்டதாகப் பிற்பாடு சொன்னார்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் மகளின் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். விடுமுறை நாளொன்றில் சோபாவில் படுத்துப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த மனைவிக்குத் திடீரென்று மூச்சிரைத்தது. அவர் யோசித்துவிட்டு மாமனாருக்கு போன் போட்டார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். ஓடிக்கொண்டிருப்பதாகப் பதில் வந்தது. கொஞ்சம் நிற்கச் சொன்னார். சோபாவில் மூச்சு அடங்கியது. ஓடச் சொன்னார். மறுபடி இரைத்தது. நாலைந்து தடவை இப்படியே நில்லுங்கள், ஓடுங்கள் என்றதும், போனில் ஏதாவது கோளாறா என்று மாமனார் கேட்டார். மெக்கானிக் போனை வைத்துவிட்டு, லிஃப்ட்டிலும் பெட்டி ஒரு பக்கம் ஏறினால் எடைக்கல் மறுபக்கம் இறங்கத்தானே செய்கிறது என்று சொல்லி, மனைவிக்கு உப்பும் சர்க்கரையும் கலந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று அவள் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்பா அப்போது வேறு ஆளாகியிருந்தார். நீர்த்தேக்கத்தைச் சுற்றி வருஷத்துக்கு ஒருமுறை, விடியலில் தொடங்கிப் பொழுது சாயும்வரை நடக்கும் நெடும்பந்தயத்துக்குத் தயாராகும் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டார். ஒரு பல் டாக்டர், இரண்டு நர்ஸ்கள், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். அத்தனை பேரும் அவருக்குப் பின்னால்தான். பந்தயச் சாலையில் அவரைக் கொட்டாவி என்று கூப்பிட யாருமில்லை. படுக்கையில் கிடந்த மனைவியிடம் அவர் தினமும் வந்து, நாரைகள் எந்தப் பக்கம் இறங்கின, தண்ணீர் என்ன நிறத்தில் கிடந்தது என்று சொல்வார். அவள் திட்ட மறந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஆகவே மகளும் பயிற்சி எடுத்தாள், உட்கார்ந்த இடத்திலேயே. மாலையானால் போன் செய்து நாளைக்கு எவ்வளவு தூரம் என்று விசாரிப்பாள். பெண் எத்தனை அக்கறையாகக் கேட்கிறாள் என்று அப்பாவுக்குப் பெருமை பிடிபடாது. தூரத்துக்குத் தக்கபடி வாழைப்பழம், தூக்கம், தண்ணீர் என்று கணக்காகத் தயாராவாள். காலை வேலையை மாலைக்கு மாற்றிக்கொண்டாள். அப்பா மேடு ஏறும் நேரத்தில் தலையணையைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடிப்பாள்; இறக்கத்தில் இறங்கும்போது கண்ணை மூடினால் காற்று அவள் முகத்தில்தான் வீசுகிறதோ என்றிருக்கும். வருஷம் ஒன்று போவதற்குள் கெண்டைக்கால் கட்டை மாதிரி உருண்டு திரண்டது. நாடி பார்த்த மருத்துவர், எந்தப் பந்தயத்தில் ஓடுகிறீர்கள் என்று கேட்டார். சோபாவில் என்றாள். அவர் சிரித்தார்.

பந்தயத்துக்குச் சில வாரம் இருக்கையில் ஒரு நாள் அப்பா, சொன்ன தூரத்தை முடித்துவிட்டு, காற்று சுகமாக இருக்கிறதென்று இன்னொரு சுற்றுப் போனார். மகள் அப்போது, ஓட்டம் முடிந்திருக்கும் என்று நம்பி, மருத்துவமனைப் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். கால் மடங்கி உருண்டாள், புருவம் கிழிந்தது. சேதி கேட்ட அப்பா நேரே மருத்துவமனைக்கு ஓடிவந்தார். அவர் நெருங்க நெருங்கக் கட்டிலில் கிடந்தவளுக்கு மூச்சு முட்டியது. மெக்கானிக் வாசலுக்குப் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

“மாமா, ஓடி வராதீங்க. நடந்து வாங்க.”

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அப்பா கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சட்டையில் அப்போதும் ஒரு சுருக்கமில்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?”

“நீங்க சந்தோஷமா இருந்தீங்கப்பா” என்றாள் மகள்.

அவர் வீட்டுக்கு நடந்தே போனார். காலணியைக் கழற்றி அலமாரிக்கு மேலே, கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார்.

அந்த வாரமே அம்மா எழுந்து நடமாட ஆரம்பித்தாள். படுத்திருந்த மாதங்களுக்கெல்லாம் சேர்த்து வேலை செய்தாள். அப்பா மறுபடி மூட்டையில் சாய்ந்தார். கட்டுப் போட்ட புருவத்தோடு கடையில் உட்கார்ந்திருந்த மகள், செய்ய வேறு ஒன்றும் இல்லாததால், இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா மூட்டையைத் தூக்கினாள். அப்பாவின் தோள் இறங்கியது. அம்மா தட்டுகளைத் தேய்த்தாள். அப்பா வாயைப் பிளந்தார். மகளுக்கு உடம்பு சிலிர்த்தது.

“அம்மா, கொஞ்ச நேரம் உக்காரேன்.”

“எதுக்கு? எனக்கென்ன அசதியா?”

“உனக்கு எப்பவாவது அசதி வந்திருக்காம்மா?”

அம்மா கையில் தட்டோடு யோசித்தாள். அப்படி ஒன்று வந்ததாக அவளுக்கு நினைவில்லை. மகள் அவளை வலுக்கட்டாயமாக ஸ்டூலில் உட்காரவைத்தாள். சற்று நேரத்தில் அப்பா கண்ணைத் திறந்து, விடிந்துவிட்டதா என்று கேட்டார். அம்மா எழுந்து ஒரு நடை மாவு சுமந்தாள்; அவர் கண் சொருகியது. உட்கார்ந்தாள், விழித்தார். மூன்றாம் தடவைக்கு மேல் அம்மா எழுந்திருக்கவில்லை. ஸ்டூலிலேயே இருந்தபடி, உங்களுக்கு இது தெரியுமா என்று கணவரைக் கேட்டாள்.

“தெரியாது. நீ உக்காந்தா நல்லாயிருக்கும்னு மட்டும் தோணும். சொல்லியும் பார்த்தேன், நீதான் காதுல வாங்கல.”

முப்பது வருஷத்துக்கு மேலாகத் திட்டியவள் ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் கணவரின் சட்டையில் ஒட்டியிருந்த மாவை வெகுநேரம் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். கணவருக்கு அசதி வருமென்று அம்மா எழவில்லை, மகளுக்கு வருமென்று அப்பா தெருவில் இறங்கவில்லை, இவர்களை இப்படி விட்டுவிட்டு மகளால் தன் வீட்டுக்குப் போக முடியவில்லை. ரொட்டி உப்பாமல் தட்டையாக வந்தது. ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு மூவரும் வாடினார்கள். ஒரு காலை மகளுக்குப் பொறுக்கவில்லை. அப்பா ஓடாத நாளில் தனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, கணவரின் காலணிக்குள் துணியை அடைத்து மாட்டிக்கொண்டு இறங்கினாள். அதுவரை அவள் சொந்தக் காலால் ஓடியதே இல்லை. கால்களோ எல்லாம் கற்று முடித்திருந்தன. நீர்த்தேக்கம்வரை போய்த் திரும்பினாள், எங்கும் வலியில்லை.

கடையில் ஸ்டூலில் இருந்த அம்மாவுக்கு உடம்பெல்லாம் தொய்ந்தது. இமை கனத்தது, கையிலிருந்த கரண்டி நழுவியது. தன் முடிவு வந்துவிட்டது என்றே நினைத்தாள்.

“என்னங்க, எனக்கு என்னமோ பண்ணுது.”

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். இந்த விஷயத்தில் அவரைவிடக் கைதேர்ந்தவர் அந்த ஊரில் யாருமில்லை.

“பயப்படாத. இதுதான் அசதி. இப்படி வா, இந்த மூட்டைதான் மெத்துன்னு இருக்கும். தலையை இப்படிச் சாய்ச்சுக்கோ. வாயை மூடாத, கொட்டாவி வந்தா விட்டுடணும்.”

அவள் முதல் கொட்டாவியை விட்டாள். பிறகு மாவுத்தூள் வெயிலில் மிதக்க, உச்சிவேளைவரை அடித்துப்போட்டாற்போல் தூங்கினாள். எழுந்தபோது கன்னத்தில் சாக்கின் வரி பதிந்திருந்தது.

“இவ்வளவு சுகமாவா இருக்கும் இது? இத்தனை வருஷமா நீங்க மட்டும் தனியா அனுபவிச்சிருக்கீங்களே” என்றாள்.

அன்று மாலையே மெக்கானிக் ஏணி வைத்து மாமனாரின் காலணியை இறக்கிக் கொடுத்தார். அப்பாவும் மகளும் சேர்ந்து ஓடினார்கள். அப்பாவின் அசதி மகளுக்கு, மகளுடையது அம்மாவுக்கு, அம்மாவுடையது அப்பாவுக்கு என்று வீட்டுக்குள்ளேயே சுற்றியது. அவர்கள் திரும்பும் நேரத்துக்கு அம்மா மூட்டையை விரித்துப் போட்டுத் தயாராக இருப்பாள். மருத்துவர் சொன்ன நடையை அவள் மாலையில் நடப்பாள். அப்போது அப்பா கொட்டாவி விடுவார், யாரும் திட்டமாட்டார்கள்.

பந்தய நாளில் அம்மா கடை வேனில் வந்தாள், மருமகன் ஓட்டினார். முற்பகல் முழுக்க எல்லாம் நன்றாகவே போனது. வேனில் அம்மா உட்கார்ந்தே இருந்ததால் அப்பா சுமக்க ஒன்றுமில்லாமல் காற்றாகப் போனார். அந்த வேகம் அத்தனையும் மகளின் தொடையில் வந்து இறங்கியது. பாதிக்கு மேல் அவள் நொண்டினாள். அப்பா திரும்பி வந்து, தான் நின்றுவிடுவதாகச் சொன்னார்.

“நீங்க நின்னுட்டா எனக்குக் கால் லேசாகும்பா. ஆனா நீங்க இல்லாம நகராது” என்றாள் அவள்.

அம்மா இதை வேன் ஜன்னலிலிருந்து பார்த்தாள். மகளின் தூரமெல்லாம் இமையில் கனக்க, அரைத்தூக்கத்தில் இருந்தவள், வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். ஒட்டவைத்த இடுப்போடு, ஒரு கையை வேனில் ஊன்றிச் சாலையில் நடக்கத் தொடங்கினாள். ஓட ஆரம்பித்த நாளிலிருந்து முதல் முறையாக, ஓடும்போதே அப்பாவின் கால் கனத்தது. அவர் வேகம் தானாகக் குறைந்தது. குறையக் குறைய மகள் நிமிர்ந்தாள். அவருக்கு வாய் நிறையக் கொட்டாவி வந்தது. விட்டுக்கொண்டே, சிரித்துக்கொண்டே, மனைவி பக்கத்தில் வந்து சேரும்வரை மெதுவாகப் போனார். பின்பு மூவரும் ஒரே நடையாக நடந்தார்கள். தண்ணீர் வெண்கலமாகி, செம்பாகி, சாம்பலானது. பல் டாக்டரும் நர்ஸ்களும் தாண்டிப் போனார்கள். மெக்கானிக் கதவைத் திறந்துவைத்தபடி வேனை அவர்கள் பின்னால் ஊர்ந்து வரவிட்டார்.

எல்லைக்கோட்டை அடைந்தபோது பந்தயத்தை நடத்தியவர்கள் மேசைகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் சுருட்டிய பதாகையை மறுபடி விரித்துப் பிடித்தாள். மூன்று பேரில் யார் ஓடியது என்று கேட்டாள். மூணு பேரும்தான் என்றார் மெக்கானிக். அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.

வேனில் ஏறியதும் மூவரும் காலி ரொட்டித் தட்டுகளுக்கிடையே ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போனார்கள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால் விழித்துக்கொள்வார்களோ என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. நிறுத்தாமல் தெருவைத் தாண்டி, நீர்த்தேக்கச் சாலையில் இன்னொரு சுற்றுப் போனார். மறுநாள் கடை திறக்கவில்லை. வந்து நின்ற ஜனங்களிடம், மூன்று பேரும் வேனிலேயே தூங்குகிறார்கள் என்றார் அவர். அவர்கள் குரலைத் தணித்துக்கொண்டார்கள். சாயங்காலம் வருகிறோம் என்று சொல்லி, வேனைச் சுற்றிக்கொண்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் கலைந்து போனார்கள்.