மூக்கில் ஒரு தையல்

துறைமுகத்தில் பீரங்கி அதிர்ந்தது. இங்கிலாந்தின் பிளிமத் ஊர்த் தேவாலயத்தில் பாதிரியார் பாதிப் பிரசங்கத்தோடு நிற்க, சனங்கள் எழுந்து ஓடினார்கள். புதுக்கரை தேடவும் ஸ்பானியரைக் கொள்ளையடிக்கவும் போன கேப்டன் ட்ரெனிக் திரும்பிவிட்டார்!

தாமசினும் ஓடினாள். அவள் புருஷன் ஜாகோ அந்தக் கப்பலில் பீரங்கிக்காரன்.

கரையிறங்கிய முகங்களில் அவன் முகம் இல்லை. படகோட்டியைக் கெஞ்சிக் கப்பலிலேயே போய் ஏறினாள். மூத்திரமும் செத்த எலியும் அழுகிய இறைச்சியும் கலந்த வாடை முகத்தில் அடித்தது.

மேல்தளத்தில் கேப்டன், மேயர் அனுப்பிய வாத்துக்கறியைக் கடித்துக்கொண்டிருந்தார். வீங்கிய ஈறுகளின் ரத்தமும் வாத்துக் கொழுப்பும் தாடியில் வழிந்தன. தாமசின் ஜாகோ எங்கே என்று கேட்டாள்.

"ஜாகோ பொண்டாட்டியா? தங்கமான பய! காய்ச்சல்ல போயிட்டான், தாயி. என் மடியிலதான் உசுரு போச்சு. பாய்மரத் துணியில வச்சுத் தச்சு, ஜெபம் சொல்லிக் கடல்ல விட்டோம்."

கண்ணீர்கூட விட்டார். அதைத் துடைத்த கையாலேயே அடுத்த துண்டை எடுத்தார்.

தாமசின் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளிப் பாய் தைக்கும் பாஸ்கோ குனிந்து உட்கார்ந்திருந்தான். பிணத்தைத் துணியில் தைக்கும்போது கடைசித் தையலை மூக்கில் குத்தி இழுப்பது கப்பல் வழக்கம். உயிர் ஒட்டியிருந்தால் துள்ளிவிடுவான் அல்லவா? அது பாஸ்கோவின் வேலை.

"அண்ணே, கடைசித் தையல் நீதானே போட்டே? அவரு அசையவே இல்லியா?"

பாஸ்கோ நிமிராமல் துணியில் ஊசியை இழுத்தான்.

"சொல்லேன்டா! ஊசிய முழுங்கிட்டியா?" கேப்டன் சிரித்தார்.

பாஸ்கோ ஊசியைக் கீழே வைத்தான். "நான் அவனைத் தைக்கல தங்கச்சி. அவன் சாகல. அவனோட சேத்துப் பன்னெண்டு பேரைத் தண்ணியில்லாத தீவுல எறக்கிவிட்டோம். கழுத்தளவு கடல்ல நின்னு, கப்பலப் பாத்துக் கத்தினாங்க. நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

கரையில் கேப்டன் பெயரைச் சொல்லி ஊரே ஆர்ப்பரித்தது. தாமசினுக்கு அந்தச் சத்தமும் நாறியது. அவர் தட்டிலேயே காறித் துப்பினாள்.

"உசுரோட இருந்தவரை எதுக்குய்யா விட்டுட்டு வந்தே?"

கேப்டன் கோபிக்கவில்லை. எச்சில் படாத துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

"கப்பல் பாரம் தாங்கல, தாயி. மனுஷன் தெனமும் ரொட்டி கேப்பான், தண்ணி கேப்பான். வெள்ளிக்கட்டி எதுவும் கேக்காது பாரு."