கருநீல வளையல்

பிரசவம் பார்க்க ஞானரத்தினம் உள்ளே வந்து, வெந்நீரை விளாவிக் கை கழுவ உட்கார்ந்தபோதுதான் அழகுத்தாய் அவள் கையிலிருந்த வளையல்களைப் பார்த்தாள். கருநீலத்தில் மஞ்சள் புள்ளி. ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் கடை கடையாக ஏறி இறங்கி அவளே பொறுக்கி எடுத்தவை, பெரியப்பா மகள் கருத்தம்மாவின் வளைகாப்புக்காக.

இவள் கையில் அவை இருந்தால் அக்காவுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது என்று பொருள். பிரசவம் பார்த்தவளுக்குப் பெற்றவள் தன் வளையல்களைக் கழற்றிப் போட்டுவிடுவாள். பிள்ளையைத் தொட்டிலில் இடும்வரை வாங்கியவள் அவற்றைக் கழற்றக் கூடாது. அவர்கள் குடும்பங்களில் அப்படித்தான்.

இடுப்பு வலி சற்றே விட்டிருந்தது. அழகுத்தாய் சிரித்துக்கொண்டு கேட்டாள்.

"நர்சம்மா, அக்காவுக்கு என்ன பிள்ள?"

"ஆம்பளப்பிள்ள. அவிய அப்பா மாதிரியே காது."

"அக்கா எப்பிடி இருக்கா?"

ஞானரத்தினம் சோப்பைக் கையில் உருட்டினாள். "காய்ச்சல் அடிக்கு. பால் காய்ச்சல்தான், சரியாப் போயிரும். அங்கேருந்துதான் நேரா வாரேன். கரியில ஓடுற பஸ்ஸு வழியில ரெண்டு எடத்துல நின்னுக்கிட்டு நகர மாட்டேன்னுட்டு."

"அதுக்கும் இடுப்பு வலியோ என்னமோ" என்றாள் மாமியார் வெள்ளத்தாய். மூவரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்குமுன் அழகுத்தாயின் கண் மறுபடி அந்தக் கைக்குப் போனது. ஞானரத்தினம் வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டு, விரல் விரலாக, நகம் நகமாகத் தேய்த்துக் கழுவினாள். கழுவி முடித்துக் கையைத் தாழ்த்தியதும் அவை தாமாகவே சரிந்து ஈர மணிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொண்டன. இரண்டு வளையல்களுக்கு நடுவே பழுப்பாக ஏதோ ஒட்டிக் காய்ந்திருந்தது.

முழங்கைவரை வெறுங்கையாகத்தான் பிரசவம் பார்க்க வேண்டும் என்று ஞானரத்தினத்துக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இதை அவளே ஒருமுறை அழகுத்தாயிடம் சொல்லியிருக்கிறாள். அவள் புருஷனை இழந்தவள். ராஜபாளையத்துக்கு வந்த புதிதில், மொட்டைக் கையோடு எங்கள் பிள்ளையைத் தொடாதே என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்களாம். பிறகு ஒரு வீட்டில் போட்டுவிட்ட வளையலை மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து எல்லாக் கதவும் திறந்தது. கைராசிக்காரி என்ற பெயரும் வந்தது.

"எங்க, மொகத்தக் காட்டு தாயி" என்று குனிந்து ஞானரத்தினம் அவளுடைய வியர்வையைத் துடைத்தாள். சோப்பு வாசனை வந்தது. அதற்கு அடியில் வேறொன்றும் வந்தது. தண்ணீரில் கிடந்து அழுகிய பூவைப் போல.

  அக்காவின் காய்ச்சல் அந்தக் கண்ணாடிக்குள் சுருண்டு படுத்திருக்கிறது என்று அழகுத்தாய் நினைத்தாள். பைத்தியக்கார நினைப்பு. ஆனாலும் அதை உதற முடியவில்லை.

"நர்சம்மா, அந்த வளையலக் கழட்டிருங்களேன்."

ஞானரத்தினத்தின் கை நின்றது. "கழட்ட வராது தாயி. எண்ணெ போட்டு ஏத்துனது, முட்டியத் தாண்டி எறங்காது. உடைக்கத்தான் வேணும்."

"அப்ப உடைச்சிருங்க."

"ஏட்டி, என்ன பேச்சு பேசுற?" வெள்ளத்தாயின் குரல் தாழ்ந்துதான் வந்தது. "எம்புள்ள பட்டாளத்துல கெடக்கான். அவன் வீட்டுக்குள்ள வளையல் உடையவா?"

அழகுத்தாயின் புருஷன் உக்கிரபாண்டி பொங்கல் லீவு முடிந்து பர்மாச் சண்டைக்குப் போனவன். சித்திரைக்குப் பிறகு கடிதமில்லை. வளையல் உடையும் சத்தம் எதற்கானது என்று அழகுத்தாய்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்தையின் பயத்தைத் தள்ளிவிட்டுத் தன் பயத்தை மட்டும் நம்ப அவளுக்கு என்ன நியாயம் இருந்தது? இரண்டும் ஒரே கண்ணாடியிலிருந்து கிளம்பியவைதானே. ஞானரத்தினம் ஏதாவது சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்தாள். அந்த முகம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

அடுத்த வலி வந்தது. பிள்ளை திரும்பாமல் நின்றதால் ஞானரத்தினம் உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அழகுத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். குளிர்ந்த கண்ணாடி தொடையில் உரசிய இடம் மட்டும் அவளுக்கு நினைவிருந்தது.

பெண்பிள்ளை பிறந்தது. வீறிட்டு அழுதது. வெள்ளத்தாய் மருமகளின் சிவப்பு வளையல்களைக் கழற்றி, எண்ணெய் தடவி, ஞானரத்தினத்தின் மற்றொரு கையில் ஏற்றிவிட்டாள். காத்துக் கருப்பு அண்டாமலிருக்கத் தலைமாட்டில் அரிவாளை வைத்தாள். அன்று முழுக்க அழகுத்தாய் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி, தான் எம்புட்டு வீணாகப் பயந்துவிட்டோம் என்று வெட்கப்பட்டாள்.

மறுநாள் பொழுது சாயுமுன் குளிர் வந்தது. முதலில் பாதங்களில். பிறகு பற்கள் அடித்துக்கொண்டன. வெள்ளத்தாய் கம்பளி போர்த்தி, "பால் காய்ச்சல்" என்றாள். அடிவயிற்றைத் தொடவிடாமல் அழகுத்தாய் அவள் கையைத் தள்ளினாள்.

விடிந்து வெகுநேரம் கழித்துக் கருத்தம்மாவின் கொழுந்தன் கண்ணுச்சாமி தெருவில் வந்து நின்றான். தீட்டு வீடு என்பதால் படியேறவில்லை. வெள்ளத்தாய் வெளியே போய்ப் பேசினாள். மெதுவாகத்தான் பேசினார்கள். ஆனால் காய்ச்சல் அழகுத்தாயின் காதுகளைக் கூர்மையாக்கியிருந்தது.

"மதினி போயிட்டா. பிள்ளையும் பால் குடிக்க மாட்டேங்கு."

உள்ளே வந்த வெள்ளத்தாய், "மாடு வெல பேச வந்தான்" என்றாள். அழகுத்தாய் தலையசைத்தாள்.

சற்று நேரத்தில் பிள்ளையைக் குளிப்பாட்ட ஞானரத்தினம் வந்தாள். வாசலில் ஒரு கூண்டு வண்டியும் வந்து நின்றது.

"தளவாய்புரத்து வண்டி. ஜெயக்கொடின்னு ஒரு பிள்ள, தலைப்பிரசவம். குளிப்பாட்டிட்டு ஓடணும்." துணியை விலக்கியவள் பேச்சை நிறுத்தினாள். பிள்ளையின் தொப்புளைச் சுற்றிக் காசளவுக்குச் சிவந்திருந்தது. அவள் அதை அழுத்திப் பார்க்கவில்லை. பிள்ளையை அப்படியே விட்டுவிட்டு அழகுத்தாயின் நாடியைப் பிடித்தாள்.

அந்த வாசனை இப்போது தன்னிடமிருந்தே வருவதை அழகுத்தாய் உணர்ந்தாள்.

"அக்கா செத்துட்டா, இல்லயா?"

ஞானரத்தினம் நாடியிலேயே விரலை வைத்திருந்தாள். மணிக்கட்டில் கருநீலம் மின்னியது. யாரோ ஒரு ஜெயக்கொடி, இந்நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். நர்சம்மா வந்ததும் சிரிப்பாள். தான் சிரித்த மாதிரி. அழகுத்தாய் உக்கிரபாண்டியின் முகத்தை நினைக்கப் பார்த்தாள். அது வரவில்லை. வந்திருந்தால் கை நின்றிருக்குமோ என்னவோ.

நாடி பிடித்த கையை இடக்கையால் இறுக்கிக்கொண்டு, வலக்கையால் தலைமாட்டு அரிவாளை உருவி, அதன் முதுகால் வளையல்கள்மேல் தட்டினாள். முதல் தட்டில் ஒன்று உடைந்தது. பலமில்லாத கைதான். தட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணாடித் துண்டுகள் கம்பளிமேல் உதிர்ந்தன. ஞானரத்தினத்தின் மணிக்கட்டில் ரத்தம் கோடிட்டது.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கடைசி வளையலும் உடைந்த பிறகு, சிவப்பு வளையல் போட்ட மற்றொரு கையை அவளாகவே நீட்டினாள்.

"இதையும்" என்றாள். "எனக்குத் தெரியும் தாயி. அன்னைக்கே தெரியும்."

வெள்ளத்தாய் சுவரோடு ஒட்டி நின்றாள்.  ஞானரத்தினம் முற்றத்தில் உட்கார்ந்து முழங்கைவரை கழுவினாள். வெட்டுக்காயத்தின்மேல் சோப்பு எரிந்திருக்கும். வெகுநேரம் கழுவினாள். அவள் வாசலுக்குப் போனதும் வண்டிக்காரனின் குரல் கேட்டது.

"என்னம்மா இது, மொட்டைக் கையோடயா வாரீக? அங்க உள்ள விட மாட்டாக."

 மாடு தலையை ஆட்டும் மணிச்சத்தம் மட்டும். அழகுத்தாய் எழ முயன்றாள், முடியவில்லை. அப்போது வெள்ளத்தாய் சுவரை விட்டு நகர்ந்தாள். நிலைப்படியில் நின்றுகொண்டு, வேறு யாரோ பேசுவதுபோலச் சொன்னாள்.

"அந்தக் கையோடயே கூட்டிட்டுப் போங்க. வளையல் போட்ட கை பிரசவம் பார்த்த வீடு இது. ரெண்டு உசுரு கெடக்கு. உள்ள வந்து பார்க்கணும்னாலும் பாருங்க."

சற்றுப் பொறுத்து வண்டி கிளம்பியது. "ஏறிட்டா" என்றபடி வெள்ளத்தாய் உள்ளே வந்தாள். துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். மகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அத்த, பிள்ள பால் குடிச்சாளா?"

வெள்ளத்தாய் பிள்ளையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். துடிப்பைத் தேடியபடி, வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

"தூங்குறா" என்றாள்.